கண்ட்ரோல்+டபிள்யூ அடித்தால் டேப் மூடுகிறது, கண்ட்ரோல்+எஸ் அடித்தால் திரை உறைகிறது: டெர்மினல் விசைகள் பற்றி ஒரு கேள்வி

#1 ஈசூன்_485

வணக்கம். அலுவலகத்தில் விண்டோஸ் மடிக்கணினி, குரோம் உலாவி வழியாக கிளவுட் கன்சோல், அதற்குள் உபுண்டு, அதில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் பாஷ். வீட்டில் மேக், அங்கே ஷெல் இஸட்ஷெல். ஐந்து கோளாறுகள்:

கண்ட்ரோல்+டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும் என்கிறார்கள், எனக்கு டேப்பே மூடிப்போகிறது. கண்ட்ரோல்+எஸ் தவறிப் பட்டால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மேக்கில் ஆப்ஷன்+எஃப் அடித்தால் ஒரு சொல் நகராமல் விசித்திரமான குறி ஒன்று விழுகிறது. கண்ட்ரோல்+யூ பாஷில் பாதி வரியை அழிக்கிறது, இஸட்ஷெல்லில் முழு வரியையும் அழிக்கிறது. டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் முறை) கண்ட்ரோல்+பி இரண்டு தடவை அடித்தால்தான் முந்தைய கட்டளை வருகிறது.

ஐம்பது விசைப் பட்டியல் கூகுளில் கிடைக்கிறது, அது வேண்டாம். இவை ஏன் இப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

#2 ஜூரோங்_ரூட்

ஐந்தில் நான்குக்கு ஒரே பதில்தான் தம்பி: நீங்கள் அடித்த விசை பாஷுக்குப் போய்ச் சேரும் முன்னே வழியில் வேறு யாரோ பிடித்துக்கொள்கிறார்கள். வரிசை இப்படி. முதலில் இயங்குதளமும் உலாவியும். அடுத்து டெர்மினல் மென்பொருள். நடுவில் டிமக்ஸ், ஸ்கிரீன் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்திருப்பவை), டாக்கர் கிளையண்ட், எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழையும் கருவி) மாதிரி ஏதாவது இருந்தால் அவை. பிறகு சர்வரின் கெர்னலில் உள்ள டிடிஒய் இயக்கி, அதாவது டெர்மினலுக்கு வந்துபோகும் எழுத்துகளைக் கையாளும் பகுதி. கடைசியில்தான் ரீட்லைன், அதாவது பாஷ் வரியைத் திருத்தும் நூலகம். இஸட்ஷெல் ரீட்லைனைப் பயன்படுத்துவதில்லை, தன் சொந்தத் திருத்தியை வைத்திருக்கிறது. மீதமுள்ள கண்ட்ரோல்+யூ இரண்டிலும் வேறு வேறாக நடப்பது அதனால்தான்.

கண்ட்ரோல்+டபிள்யூவைப் பிடித்தது உலாவி. குரோம் சாதாரண டேப்பில் டபிள்யூ, என், டி மூன்றையும் வலைப்பக்கத்துக்குத் தரவே தராது, பக்கத்தை எழுதியவர் நினைத்தாலும் முடியாது. கன்சோலைத் தனிச் செயலியாக நிறுவித் தனிச் சாளரத்தில் திறந்தால் அந்தத் தடை இல்லை. அதைவிட நல்லது, விண்டோஸ் டெர்மினலில் இருந்து நேராக எஸ்எஸ்எச் போடுவது. அனுமதி இல்லையென்றால் கையை ஆல்ட்+பேக்ஸ்பேஸுக்குப் பழக்குங்கள்.

கண்ட்ரோல்+எஸ் உறைவதற்குக் காரணம் டிடிஒய் இயக்கி. டெலிடைப் காலத்து வழக்கம் அது: 19ஆம் எண் எழுத்து வந்தால் வெளியீட்டை நிறுத்து, 17 வந்தால் மீண்டும் விடு. ஆங்கில வரிசையில் எஸ் 19ஆவது, க்யூ 17ஆவது. கண்ட்ரோல் விசை செய்வதே அந்த எழுத்தை அதன் வரிசை எண்ணாக மாற்றி அனுப்புவதுதான். ஆகவே திரை உறைந்தால் கண்ட்ரோல்+க்யூ. சாளரத்தை மூட வேண்டாம், ஓடிக்கொண்டிருந்த வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்று: உறைந்த திரையில் பதற்றத்தில் தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருக்கும், க்யூ அடித்ததும் மொத்தமாக உள்ளே போகும். எண்டரும் தட்டியிருந்தால் என்ன ஓடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வு, முகப்பு அடைவில் உள்ள .பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி: எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன். உபுண்டுவின் கோப்பில் மேலேயே, ஊடாட்ட ஷெல் இல்லையென்றால் திரும்பிப் போ என்று ஒரு சோதனை இருக்கும். அதற்குக் கீழே போடுங்கள். மேலே போட்டால் எஸ்சிபி (சர்வருக்குக் கோப்பு நகலெடுக்கும் கட்டளை) ஓடும்போதெல்லாம் டிடிஒய் இல்லை என்று பிழைச்செய்தி துப்பும்.

#3 கோப்பி_ஓ_கொசோங்

அண்ணே, ஒரு சின்ன சிக்கல். தமிழில் எழுதும்போது "கண்ட்ரோல்+பி" என்றால் எந்தப் பி? எந்த டி? சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களை வைத்துக்கொள்வோமா: ஆங்கில வரிசையில் முன்னால் வரும் பி பிடோக், பின்னால் வரும் பி பொங்கோல். முன்னால் வரும் டி டோபி காட், பின்னால் வருவது தெம்பனீஸ். இல்லாவிட்டால் யாராவது தவறான டியைத் தட்டி சர்வரை விட்டே வெளியேறுவார்கள்.

#4 ஜூரோங்_ரூட்

ஏற்கப்பட்டது. ஆக மேலே குரோம் தராது என்றேனே, அந்த டி தெம்பனீஸ்.

#5 வாம்போ_அக்கா

மேக் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆல்ட் என்பது டெர்மினலுக்குத் தனி விசையே கிடையாது. எஸ்கேப் எழுத்தை (27ஆம் எண்) முன்னால் அனுப்பி, பிறகு எழுத்தை அனுப்புவதுதான் ஆல்ட். மேக்கில் ஆப்ஷன் விசைக்கு வேறு வேலை உண்டு, சிறப்புக் குறிகளைத் தட்டுவது. அதனால்தான் விசித்திரக் குறி. ஆப்பிள் டெர்மினலில் அமைப்புகள், புரொஃபைல், கீபோர்டு என்று போய் "ஆப்ஷனை மெட்டா விசையாகப் பயன்படுத்து" என்பதை டிக் செய்யுங்கள். ஐடெர்ம்2இல் புரொஃபைலின் கீஸ் பகுதியில் இடது ஆப்ஷனை மட்டும் "எஸ்கேப்+" ஆக்குங்கள். வலதை விட்டுவையுங்கள், யூரோ குறி மாதிரி ஏதாவது தட்ட அது வேண்டும்.

யாருடைய மேக் முன்னாலோ உட்கார்ந்திருக்கிறீர்கள், அமைப்பைத் தொட முடியாது என்றால் எஸ்கேப்பைத் தட்டி, விட்டுவிட்டு, எஃப் தட்டுங்கள். சேர்த்துப் பிடிக்கத் தேவையில்லை. எல்லா ஊரிலும் செல்லும் நோட்டு அது.

கண்ட்ரோல்+யூ: பாஷில் கர்சருக்கு இடப்பக்கம் இருப்பது மட்டும் போகும், இஸட்ஷெல்லின் இயல்பு முழு வரி. பாஷ் மாதிரியே வேண்டுமானால் .இஸட்எஸ்எச்ஆர்சி கோப்பில் பைண்ட்கீ கட்டளையால் கண்ட்ரோல்+யூவை "பேக்வர்ட்-கில்-லைன்" என்ற செயலுக்குக் கட்டுங்கள். வலப்பக்கம் வெட்டும் கண்ட்ரோல்+கே இரண்டிலும் ஒன்றுதான்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். இஸட்ஷெல்லில் ஒரு நாள் திடீரென்று கண்ட்ரோல்+ஏ, கண்ட்ரோல்+ஆர் எதுவும் வேலை செய்யவில்லை என்று வருவீர்கள். எடிட்டர் என்ற சூழல் மாறியில் விம் என்ற உரைத் திருத்தியின் பெயரை எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயரில் "விஐ" என்ற எழுத்துகள் இருந்தாலே இஸட்ஷெல் விஐ திருத்தியின் விசைமுறைக்குத் தாவிவிடும். பைண்ட்கீ -ஈ என்று ஒரு வரி சேர்த்தால் பழையபடி ஈமாக்ஸ் முறை, அதாவது நாம் இங்கே பேசும் விசைகள். பாஷில் இந்த வம்பு இல்லை. அங்கே நீங்களே செட் -ஓ விஐ என்று கேட்டால்தான் மாறும்.

#6 கறுப்புத்திரை

கண்ட்ரோல்+டபிள்யூவும் ஆல்ட்+பேக்ஸ்பேஸும் ஒன்று இல்லையே. மேலே மாற்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது, வித்தியாசம் சொல்லப்படவில்லை.

பாஷில் கண்ட்ரோல்+டபிள்யூ இடைவெளி வரை வெட்டும். ஆல்ட்+பேக்ஸ்பேஸ் எழுத்தும் எண்ணும் அல்லாத எதைக் கண்டாலும் நிற்கும். /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் என்ற பாதையின் கடைசியில் நின்று கண்ட்ரோல்+டபிள்யூ அடித்தால் பாதை முழுக்கப் போய்விடும். ஆல்ட்+பேக்ஸ்பேஸ் ஒரு முறை அடித்தால் "லாக்" போகும், புள்ளி நிற்கும். இரண்டாம் முறை "எரர்." போகும், என்ஜின்எக்ஸ் அடைவும் சாய்கோடும் மிஞ்சும். அதே அடைவில் வேறு கோப்பைத் திறக்க இரண்டு தட்டு போதும். இரண்டும் தேவை, இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இஸட்ஷெல்லில் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும். அங்கே எது சொல்லின் பகுதி என்பதை வேர்ட்கார்ஸ் என்ற மாறி தீர்மானிக்கிறது. அதன் இயல்புப் பட்டியலில் சாய்கோடும் புள்ளியும் இருப்பதால் பாதையை ஒரே சொல்லாகப் பார்க்கும். சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டால் அடைவு அடைவாக வெட்டும்.

#7 கோப்பி_ஓ_கொசோங்

பாஷில் கண்ட்ரோல்+டபிள்யூவையே சாய்கோட்டில் நிற்க வைக்கலாமே? ரீட்லைனின் அமைப்புக் கோப்பான .இன்புட்ஆர்சியில் அதை "பேக்வர்ட்-கில்-வேர்ட்" என்பதற்குக் கட்டினால் முடிந்தது.

#8 கறுப்புத்திரை

முடியாது, அதுதான் பொறி. கட்டுவீர்கள், பிழை எதுவும் காட்டாது, ஆனால் பழைய நடத்தையே தொடரும். காரணம், டிடிஒய் இயக்கிக்கே "சொல் அழிப்பு" என்று ஒரு விசை உண்டு, அது கண்ட்ரோல்+டபிள்யூ. ரீட்லைன் ஒவ்வொரு முறை வரியை வாசிக்கத் தொடங்கும்போதும் டிடிஒய்யின் சிறப்பு விசைகளைத் தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. உங்கள் வரி அதில் அழிந்துபோகிறது. அதே கோப்பில் செட் பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-கார்ஸ் ஆஃப் என்று முதலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். புதிய ஷெல் திறந்து சோதியுங்கள், அல்லது கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஆர் அடித்தால் கோப்பு மறுபடி வாசிக்கப்படும்.

வெட்டியது எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யூ, கே, டபிள்யூ, ஆல்ட்+டோபி காட் (அடுத்த சொல்லை வெட்டுவது) எல்லாம் ரீட்லைனின் சொந்தப் பையில் போடுகின்றன, கண்ட்ரோல்+ஒய் திருப்பி ஒட்டும். அடுத்தடுத்து வெட்டியவை சேர்ந்து ஒரே துண்டாகும். நடுவில் கர்சரை நகர்த்தியிருந்தால் தனித்தனித் துண்டு. கண்ட்ரோல்+ஒய் அடித்த கையோடு ஆல்ட்+ஒய் அடித்தால் பழைய துண்டுகள் ஒவ்வொன்றாக மாறி வரும். இந்தப் பைக்கும் கணினியின் கிளிப்போர்டுக்கும் சம்பந்தமில்லை. கிளிப்போர்டுக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி, அவை டெர்மினல் மென்பொருளின் விசைகள்.

நீண்ட கட்டளை பாதி எழுதிய பிறகு வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்றால் அழிக்காதீர்கள். கண்ட்ரோல்+யூ, பார்க்க வேண்டியதைப் பாருங்கள், கண்ட்ரோல்+ஒய். இஸட்ஷெல்லில் ஆல்ட்+க்யூ இதையே ஒரே தட்டில் செய்யும்: வரியை ஒதுக்கிவைத்து, அடுத்த கட்டளை முடிந்ததும் தானாகக் கொண்டுவந்து வைக்கும்.

#9 ஈசூன்_485

நன்றி. பழைய கட்டளைகளைத் தேடும் கண்ட்ரோல்+ஆர் பற்றியும் ஒன்று. தேடும்போது ஒரு தட்டு கூடிப் போனால் திரும்ப வர முடியவில்லை. சில சமயம் நேற்று அடித்த கட்டளையே இல்லை.

#10 ஜூரோங்_ரூட்

திரும்பி வரும் விசை கண்ட்ரோல்+எஸ். அதைத்தான் டிடிஒய் பிடித்து உறைய வைத்துக்கொண்டிருந்தது. #2இல் சொன்ன வரியைப் போட்ட பிறகு அது முன்னோக்கித் தேடும்.

தேடலில் கிடைத்ததும் எண்டர் தட்டினால் உடனே ஓடிவிடும். உற்பத்தி சர்வரில் அந்தப் பழக்கம் வேண்டாம். வலது அம்பு அல்லது கண்ட்ரோல்+ஈ தட்டினால் கட்டளை வரியில் வந்து உட்காரும், படித்துப் பார்த்துத் திருத்தி ஓட்டலாம். கண்ட்ரோல்+ஜி தேடலைக் கைவிட்டு, முன்பு எழுதியிருந்ததைத் திருப்பித் தரும்.

நேற்றைய கட்டளை காணாமல் போக இரண்டு காரணம். பாஷின் இயல்பு வரலாறு 500 வரி. உபுண்டு தன் கோப்பில் நினைவில் 1000, கோப்பில் 2000 என்று வைத்திருக்கிறது. ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் இரண்டையும் 50000 ஆக்குங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. இரண்டாவது, வரலாறு கோப்பில் எழுதப்படுவது ஷெல் மூடும்போதுதான். உலாவி டேப் அறுந்து ஷெல் ஒழுங்காக மூடாவிட்டால் எழுதாமலே போகலாம். ப்ராம்ப்ட்_கமாண்ட் என்ற மாறியில் ஹிஸ்டரி -ஏ என்று வையுங்கள், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் எழுதிவிடும்.

இன்னொன்று, எனக்குக் கேட்டால் கண்ட்ரோல்+ஆருக்கு அடுத்த இடம் ஆல்ட்+புள்ளிக்குத்தான். முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை எடுத்து வைக்கும். எம்கேடிஐஆர் போட்டு நீண்ட பெயரில் அடைவு உருவாக்கினீர்கள், அடுத்து சிடி, இடைவெளி, ஆல்ட்+புள்ளி. மீண்டும் தட்டினால் அதற்கும் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல். ஆல்ட்+1 தட்டி ஆல்ட்+புள்ளி தட்டினால் கடைசிச் சொல்லுக்குப் பதில், கட்டளைப் பெயரை அடுத்து வரும் முதல் சொல். !$ எழுதினாலும் அதே வேலைதான், ஆனால் என்ன வரப்போகிறது என்று கண்ணால் பார்க்காமல் ஓட்டுகிறீர்கள். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் பக்கத்தில் !$ எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

#11 தேக்கா_ஷெல்

நிறுத்தும் விசைகளை யாரும் தொடவில்லை. விண்டோஸில் இருந்து வருபவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

கண்ட்ரோல்+இஸட் "செய்ததை மாற்று" அல்ல. ஓடும் நிரலை உறங்க வைக்கும். விம்மில் எழுதும்போது அடித்துவிட்டு, விம் மூடிவிட்டது என்று மறுபடி திறந்தால் ஸ்வாப் கோப்பு இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். எஃப்ஜி என்று தட்டுங்கள், பழைய விம் அப்படியே எழுந்து வரும். ரீட்லைனில் செய்ததை மாற்ற கண்ட்ரோல்+அடிக்கோடு.

பின்னணியில் ஓட விட வேண்டுமானால் கண்ட்ரோல்+இஸட், பிறகு பிஜி. எஸ்எஸ்எச் அறுந்தாலும் ஓட வேண்டுமானால் டிஸ்ஓன் -எச். ஆனால் அதன் வெளியீடு இன்னும் அந்த டெர்மினலுக்கே போகும், டெர்மினல் போன பிறகு எழுத முயன்றால் பிழையாகிச் சாகலாம். நீண்ட வேலையை முதலிலேயே டிமக்ஸில் தொடங்குவதுதான் சரி.

கண்ட்ரோல்+சி கேட்காத நிரலுக்கு கண்ட்ரோல்+பின்சாய்கோடு. அது கோர் கோப்பை (நிரலின் நினைவக நகல்) விட்டுப்போகலாம், டிஸ்க் குறைவான இடத்தில் கவனம்.

கண்ட்ரோல்+டோபி காட் வெற்று வரியில் அடித்தால் ஷெல் மூடும். வரியில் எழுத்து இருந்தால் கர்சருக்குக் கீழுள்ள எழுத்தை மட்டும் அழிக்கும். வெற்று வரியில் தவறிப் பட்டால் வெளியே. இக்னோர்ஈஓஎஃப் மாறியை 1 ஆக வையுங்கள். முதல் தட்டுக்கு எச்சரிக்கும், அடுத்தடுத்து இரண்டாவது தட்டினால்தான் போகும்.

எஸ்எஸ்எச் தொங்கிப்போனால் (மதிய உணவுக்குப் போய்வந்தால் பயர்வால் அறுத்திருக்கும்) கண்ட்ரோல்+சி பயன்படாது. அந்த எழுத்து மறுமுனைக்குப் போய், அங்குள்ள கெர்னல் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், பாதையே இல்லையே. எண்டர், அலைக்குறி, புள்ளி, இந்த வரிசையில் தட்டுங்கள். இதை உங்கள் பக்கத்து எஸ்எஸ்எச் கிளையண்டே பிடித்து இணைப்பை அறுக்கும். அலைக்குறி வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் செல்லும், அதற்குத்தான் முன்னால் எண்டர். ஒரு சர்வருக்குள் இருந்து கையால் இன்னொன்றுக்கு எஸ்எஸ்எச் போட்டிருந்தால் ஒற்றை அலைக்குறி வெளி இணைப்பையே அறுத்துவிடும். உள்ளதை மட்டும் அறுக்க இரண்டு அலைக்குறி, ஒரு புள்ளி. தொங்காமலே இருக்க எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் சர்வர்அலைவ்இன்டர்வெல் 60.

#12 ஜூரோங்_ரூட்

டாக்கர் பாக்கி இருக்கிறது. கன்டெய்னரை ஓட விட்டுப் பிரிந்து வர டாக்கரின் விசை கண்ட்ரோல்+பொங்கோல், அடுத்து கண்ட்ரோல்+க்யூ. முதல் விசை வந்ததும், அடுத்தது க்யூவா என்று டாக்கர் காத்திருக்கிறது. இரண்டாவது தட்டு வந்த பிறகுதான் முதலாவதை உள்ளே விடுகிறது. முகப்பு அடைவில் .டாக்கர் அடைவின் கான்ஃபிக்.ஜேசன் கோப்பில் டிடாச்கீஸ் என்ற பெயருக்கு வேறு சேர்க்கை கொடுங்கள், கண்ட்ரோலும் வலது சதுர அடைப்புக்குறியும் போதும். இது கிளையண்ட் பக்கத்துக் கோப்பு, டாக்கர் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டாம்.

இதே கதை ஸ்கிரீனுக்கும். அதன் தலைவிசை (அதன் கட்டளைகளுக்கு முன்னால் தட்டும் விசை) கண்ட்ரோல்+ஏ என்பதால் வரியின் தொடக்கத்துக்குப் போக கண்ட்ரோல்+ஏ, பிறகு வெறும் ஏ. டிமக்ஸில் கண்ட்ரோல்+பிடோக் இரண்டு முறை.

#13 வாம்போ_அக்கா

நம் ஊருக்கே உரிய ஒன்று: தமிழோ சீனமோ தட்டச்சு நிறுவிய கணினி. மேக்கில் கண்ட்ரோல்+ஸ்பேஸ் உள்ளீட்டு மொழியை மாற்றும். விண்டோஸின் சீன உள்ளீட்டுக்கும் அதே விசை. டிமக்ஸின் தலைவிசையை கண்ட்ரோல்+ஸ்பேஸுக்கு மாற்றச் சொல்லும் கட்டுரைகளைப் பார்த்து மாற்றினால் டிமக்ஸ் செத்தது போல் இருக்கும், மொழி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். மேக்கில் அமைப்புகள், கீபோர்டு, குறுக்குவிசைகள், உள்ளீட்டு மூலங்கள் என்ற இடத்தில் அதை அணைக்கலாம்.

தமிழ்க் கோப்புப் பெயர்களை வரியில் திருத்துவது இன்னும் தொல்லைதான். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் எழுத்துகளுக்கு ஷெல் கணக்கிடும் அகலமும் திரை காட்டும் அகலமும் பொருந்தாமல் கர்சர் ஓரிடத்தில் தெரியும், அழிப்பது ஓரிடத்தில் நடக்கும். தமிழ்க் கணினிக்கான தமிழ்நெட் 97 மாநாடு நடந்த சிங்கப்பூரில் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழி: பெயரின் முதல் எழுத்தைத் தட்டி டேப் விசையால் நிரப்புங்கள், அல்லது கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஈ அடித்து வரியை எடிட்டரில் திறந்து திருத்துங்கள்.

#14 கறுப்புத்திரை

அக்கா சொன்ன கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஈக்கு ஒரு எச்சரிக்கை. பாஷில் எடிட்டரைச் சேமித்து மூடிய கணமே உள்ளே இருப்பது ஓடும், கேள்வி கேட்காது. மனம் மாறினால் விம்மில் :சிக்யூ என்று வெளியேறுங்கள், பிழைக்குறியோடு மூடுவதால் பாஷ் ஓட்டாது. வெறுமனே :க்யூ போட்டால் பழைய வரி ஓடிவிடும். இஸட்ஷெல்லில் இந்த விசை இயல்பாகக் கட்டப்படவில்லை. எடிட்-கமாண்ட்-லைன் என்பதை ஆட்டோலோட் செய்து கட்ட வேண்டும். அங்கே வரி ஓடாமல் திரும்பி வந்து நிற்கும், அதுதான் பண்பான முறை.

இனி எந்த விசை யாரிடம் சிக்குகிறது என்று நீங்களே பார்க்க: கண்ட்ரோல்+வி அடித்துவிட்டு, சந்தேகமான விசையைத் தட்டுங்கள். அது ஷெல்லுக்கு எப்படி வந்து சேர்கிறதோ அப்படியே திரையில் காட்டும். ^ குறியோடு எழுத்து வந்தால் கண்ட்ரோல், ^[ வந்தால் முன்னால் எஸ்கேப். எதுவுமே வரவில்லை என்றால் மேலே உள்ளவர்களில் யாரோ பிடித்துவிட்டார்கள்: உலாவி, டெர்மினல், டிமக்ஸ். சரியாக வந்தும் வேலை நடக்கவில்லை என்றால் குற்றவாளி ஷெல்லின் கட்டு. பைண்ட் -பி (சிறிய பொங்கோல்) என்று கேட்டால் எது எதற்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று மொத்தமும் கொட்டும், கிரெப்பில் வடிகட்டுங்கள். உலாவிக் கன்சோலில் விண்டோஸ் கண்ட்ரோல்+வியை ஒட்டுதலாக எடுத்துக்கொண்டால், கேட் -வி ஓட்டி அதற்குள் தட்டிப் பாருங்கள்.

#15 ஈசூன்_485

பார்த்தேன். கண்ட்ரோல்+எஸ், டாக்கர், மேக் மூன்றும் சரியாகிவிட்டன. கண்ட்ரோல்+யூவைக் கட்டிவிட்டேன். அலுவலகத்தில் தனிச் செயலியாக நிறுவ அனுமதி இல்லை, ஆல்ட்+பேக்ஸ்பேஸ்தான். ஆனால் அங்கே ஆல்ட்+எஃப் மட்டும் கேட் -வியில் எதுவும் காட்டவில்லை, குரோமின் மெனு திறக்கிறது.

#16 வாம்போ_அக்கா

விண்டோஸ் குரோமில் ஆல்ட்+எஃப் அந்த மெனுவின் விசை. எஸ்கேப் தட்டி, விட்டு, எஃப். இல்லாவிட்டால் கண்ட்ரோல்+வலது அம்பு. உபுண்டுவில் அதுவும் சொல் தாண்டும்.